பிளஸ் டூ முடித்து ராணுவம் வழியாகப் பட்டம்: எதை முதலில் செய்ய வேண்டும், எதைக் கடைசியில்?

பிளஸ் டூ முடித்த கையோடு படையில் சேர்ந்து, அங்கேயே பட்டப்படிப்பையும் முடித்து, அதிகாரியாக வெளியே வரலாம். படிப்புக்கும் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் சீருடைக்கும் அரசே செலவு செய்கிறது. இதெல்லாம் இப்போது பலருக்கும் தெரிந்த விஷயம்தான். தெரியாமல் தடுமாறுவது வரிசையில்.

என்னிடம் வழி கேட்டு வரும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் கோச்சிங் சென்டரில் பணம் கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். ஒன்றரை வருடம் கணக்குப் போட்டு, எழுத்துத் தேர்வில் தேறி, நேர்முகத்தில் தேறி, கடைசியில் கண் பரிசோதனையிலோ பெயர்க் குழப்பத்திலோ நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் வரும் தடைகளை முதலிலேயே சோதித்துப் பாருங்கள் என்பதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. எந்தப் பட்டம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

"ராணுவத்தில் சேர வேண்டும்" என்று மட்டும் சொன்னால் போதாது. வாசல்கள் வேறு வேறு. ஒவ்வொன்றும் வேறு பட்டத்தைத் தருகிறது.

முதல் வாசல் தேசிய பாதுகாப்பு அகாடமி, அதாவது என்டிஏ. புனே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கிறது. மூன்று ஆண்டு, ஆறு செமஸ்டர். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பட்டம் கிடைக்கும். தரைப்படைக் கேடட்டுகளுக்கு பி.ஏ., பி.எஸ்சி., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், கடற்படை, விமானப்படைக் கேடட்டுகளுக்கு பி.டெக். வழியும் உண்டு. பி.டெக். என்றால் மூன்று ஆண்டோடு முடியாது. நான்காவது ஆண்டை அடுத்த பயிற்சி நிலையத்தில் முடித்த பிறகுதான் பட்டம்.

இரண்டாவது, தரைப்படையின் டெக்னிக்கல் என்ட்ரி ஸ்கீம். இதற்குத் தனி எழுத்துத் தேர்வு கிடையாது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து 60 சதவீதம் வேண்டும், ஜேஇஇ மெயின் எழுதியிருக்க வேண்டும். அதிலிருந்து சலித்து நேராக எஸ்எஸ்பி, அதாவது படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். நான்கு ஆண்டில் பொறியியல் பட்டம். இது ஆண்களுக்கு மட்டும்.

மூன்றாவது, கடற்படையின் பிளஸ் டூ பி.டெக். கேடட் நுழைவு. கேரளத்தில் கண்ணூர் பக்கம் எழிமலையில் உள்ள இந்தியக் கடற்படை அகாடமியில் நான்கு ஆண்டு. அந்த மூன்று பாடங்களில் 70 சதவீதம், பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ ஆங்கிலத்தில் 50 சதவீதம் வேண்டும். ஜேஇஇ மெயின் தரவரிசையை வைத்து எஸ்எஸ்பிக்கு அழைப்பார்கள்.

மருத்துவம் வேண்டுமானால் புனேயில் உள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி. நீட் மதிப்பெண் வழியாக எம்பிபிஎஸ். செவிலியர் படிப்பு வேண்டுமானால் ராணுவ செவிலியர் பணியின் நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங், இது பெண்களுக்கு மட்டும், இதற்கும் நீட் தேவை.

என்டிஏ 2022 முதல் பெண்களுக்கும் திறந்திருக்கிறது. அங்கே சேர்ந்த முதல் பெண்கள் அணி, 17 பேர், 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தது. "பெண் பிள்ளைக்கு நர்சிங் மட்டும்தானே" என்று இன்னமும் கேட்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமி பட்டம் தரும் இடம் அல்ல. பட்டம் முடித்தவர்கள் அதிகாரிப் பயிற்சிக்குப் போகும் இடம் அது. பக்கத்தில் இருக்கிறதே என்று பிளஸ் டூ சான்றிதழோடு அங்கே விசாரிக்கப் போவதில் பயனில்லை.

2. பதினோராம் வகுப்பு குரூப்பை யோசித்து எடுங்கள்

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், உங்கள் கையில் இருக்கும் பெரிய முடிவு இதுதான்.

என்டிஏவின் தரைப்படைப் பிரிவுக்கு எந்த குரூப் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். விமானப்படை, கடற்படைப் பிரிவுகளுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் கட்டாயம். மருத்துவக் கல்லூரிக்கும் நர்சிங்குக்கும் உயிரியல் வேண்டும்.

ஆகவே கணிதம், உயிரியல் இரண்டும் உள்ள முதல் குரூப் எல்லா வாசல்களையும் திறந்து வைக்கிறது. கணிதமும் கம்ப்யூட்டர் சயின்சும் எடுத்தால் மருத்துவ வாசல்கள் மூடும். கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் எடுத்தால் பொறியியல், கடற்படை, விமானப்படை எல்லாம் போய்விடும்.

காமர்ஸ் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தரைப்படைப் பிரிவுக்குத் தகுதி இருக்கிறது, சரி. ஆனால் என்டிஏ எழுத்துத் தேர்வில் 300 மதிப்பெண்ணுக்குக் கணிதத் தாள் எல்லோருக்கும் பொது. பிளஸ் டூ கணிதத்தைத் தொடாதவர் அதைத் தனியாக உட்கார்ந்து படித்தாக வேண்டும். அதற்குக் குறைந்தது ஒரு வருடம் ஒதுக்குங்கள்.

3. கோச்சிங்குக்கு முன்னால் உடலைப் பரிசோதியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். உண்மையில் இதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும். நல்ல கண் மருத்துவர் ஒருவர், காது-மூக்கு-தொண்டை மருத்துவர் ஒருவர், எலும்பு மருத்துவர் ஒருவர். ஒரு வாரத்தில் மூவரையும் பார்த்துவிடலாம்.

கண்ணில் இரண்டு விஷயம் கேளுங்கள்: பார்வை அளவு, நிறம் பிரித்தறியும் திறன். விமானம் ஓட்டும் பிரிவுக்கு விதி மிகக் கடுமை; தரைப்படைக்குக் கண்ணாடி ஓரளவு வரை பரவாயில்லை. நிறக்குறைபாடு இருப்பது பல பிள்ளைகளுக்குப் பதினேழு வயது வரை தெரிவதே இல்லை. வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே எண் தெரிகிறதா என்று பார்க்கும் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

முக்கியமாக ஒன்று: லேசர் அறுவை சிகிச்சை செய்து பவரை எடுத்துவிட்டு என்டிஏவுக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். 20 வயதுக்கு முன்பு செய்த லேசிக் ஏற்கப்படாது. என்டிஏவில் சேரும் வயதோ பத்தொன்பதரைக்குள். பைலட் ஆசையில் பதினெட்டு வயதில் லேசிக் செய்துகொண்டு வந்த ஒரு பையனிடம் இதைச் சொல்ல வேண்டி வந்தது. கண்ணாடியோடு இருந்திருந்தால் தரைப்படை வாசலாவது அவனுக்குத் திறந்திருந்திருக்கும்.

எலும்பு மருத்துவரிடம் முட்டி இடிக்கிறதா, பாதம் தட்டையா, முழங்கை அளவுக்கு மேல் வெளிப்பக்கம் வளைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காதில் அடைத்த அழுக்கு, மூக்கின் நடுத்தண்டு வளைவு, மூலம், விரைவீக்கம், அதிக எடை, குறைந்த எடை ஆகியவை சரிசெய்யக் கூடியவை. ஆனால் சரிசெய்ய மாதங்கள் வேண்டும். கடைசி நேரத்தில் அந்த மாதங்கள் கிடைக்காது.

பச்சை குத்திக்கொள்வதைத் தவிருங்கள். முன்கையின் உட்பக்கம், உள்ளங்கையின் பின்பக்கம் தவிர மற்ற இடங்களில் நிரந்தரப் பச்சை இருந்தால் சிக்கல். பழங்குடியினருக்கு மட்டும் அவர்கள் வழக்கப்படி விலக்கு உண்டு.

4. பெயரையும் பிறந்த தேதியையும் ஒன்றாக்குங்கள்

நம் மாநிலத்துப் பிள்ளைகளுக்கே உரிய தொல்லை இது. இனிஷியல்!

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் இனிஷியல். ஆதாரில் பெயருக்கு முன்னால். பான் கார்டு எடுக்கும்போது குடும்பப் பெயர் கேட்டதால் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். ஆக ஒரே பையன் மூன்று ஆளாக நிற்கிறான். அப்பா பெயரில் ஒரு இடத்தில் ஒரு 'எச்' கூடுதலாக இருக்கும். நேர்முகத்துக்குப் போகிற இடத்தில் நம் ஊர் வழக்கம் தெரியாத ஒருவர் இவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போது கேள்வி எழும்.

தீர்வு எளிது. பத்தாம் வகுப்புச் சான்றிதழை அச்சாணியாக வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதிக்கு, என்டிஏ தேர்வை நடத்தும் யுபிஎஸ்சி (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) ஏற்பதும் அதைத்தான். சான்றிதழில் தவறு இல்லையென்றால், ஆதாரையும் மற்றவற்றையும் எழுத்துக்கு எழுத்து அதன்படி திருத்துங்கள். ஆதார் திருத்தம் சீக்கிரம் முடியும். சான்றிதழிலேயே தவறு இருந்தால் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்கு இன்றே எழுதுங்கள். அது இழுக்கும் வேலை.

சாதிச் சான்றிதழையும் பள்ளி நன்னடத்தைச் சான்றையும் கூடவே எடுத்துவிடுங்கள். ஒரு விளக்கம்: என்டிஏவில் சாதி அடிப்படையில் இடஒதுக்கீடு கிடையாது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை, அவ்வளவுதான். வயது வரம்பிலும் யாருக்கும் தளர்வு இல்லை.

5. நாள்காட்டியைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

யுபிஎஸ்சி வருடத்துக்கு இருமுறை என்டிஏ தேர்வு நடத்துகிறது. முதலாவது வழக்கமாக ஏப்ரலில். அதில் தேறுபவர்களுக்கு அடுத்த ஜனவரியில் பயிற்சி தொடங்கும். இரண்டாவது செப்டம்பரில்; அதில் தேறுபவர்களுக்கு அடுத்த ஜூலையில்.

ஆகவே பன்னிரண்டாம் வகுப்பில் செப்டம்பர் மாதம் எழுதுபவருக்குத்தான் கணக்கு கச்சிதமாக விழும். பொதுத் தேர்வு முடித்து, ஜூலையில் நேராக அகாடமி. ஏப்ரலில் எழுதினால் ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ரிசல்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருந்து ஒரு வாய்ப்பை வீணாக்குகிறார்கள்.

வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை, பயிற்சி தொடங்கும் தேதியை வைத்து. அறிவிப்பில் எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கும். உதாரணமாக, 2025 ஏப்ரல் தேர்வுக்கு 2006 ஜூலை 2 முதல் 2009 ஜூலை 1 வரை பிறந்தவர்கள் தகுதி. எத்தனை முறை எழுதலாம் என்ற வரம்பு இல்லை, வயதுதான் வரம்பு. திருமணமாகியிருக்கக் கூடாது.

டெக்னிக்கல் என்ட்ரி, கடற்படை பி.டெக். இரண்டுக்கும் விண்ணப்ப இணையதளங்கள் வேறு. அறிவிப்பு வந்து சில வாரங்களில் மூடிவிடுவார்கள். தேறினால் என்டிஏ, இல்லாவிட்டால் இவை என்று ஒன்றன்பின் ஒன்றாக வைக்காமல், தகுதி இருந்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். ஒரு கதவு மூடினாலும் அந்த வருடம் வீணாகாது.

6. விண்ணப்பத்தில் விருப்ப வரிசையைக் கவனமாகப் போடுங்கள்

என்டிஏ விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அதுவும் இல்லை.

விண்ணப்பத்தில் தரைப்படை, கடற்படை, விமானப்படை, கடற்படை அகாடமி என்று விருப்பத்தை வரிசைப்படுத்தச் சொல்வார்கள். எதைக் குறிப்பிடவில்லையோ அதற்கு உங்களைப் பரிசீலிக்க மாட்டார்கள். விமானப்படை மட்டும் என்று ஒன்றே ஒன்றைப் போட்டுவிட்டு, மெடிக்கலில் பறக்கும் பிரிவு இல்லை என்றானதும் கையைப் பிசைந்து நிற்பவர்கள் உண்டு. ஒரு சுற்றில் என்டிஏ இடங்கள் தோராயமாகத் தரைப்படைக்கு 208, விமானப்படைக்கு 120, கடற்படைக்கு 42. எங்கே இடம் அதிகம் என்று இதிலேயே தெரிகிறது. மனதுக்குப் பிடித்ததை முதலில் போடுங்கள். உங்கள் உடல்தகுதி இடம் கொடுக்கும் மற்றவற்றையும் கீழே போடுங்கள்.

7. எழுத்துத் தேர்வு: கணிதம் ஒரு பக்கம், மொழி இன்னொரு பக்கம்

இரண்டு தாள்கள். கணிதம் 300 மதிப்பெண், 120 கேள்விகள், இரண்டரை மணி நேரம். பொதுத் திறன் தாள் 600 மதிப்பெண், 150 கேள்விகள், அதே இரண்டரை மணி நேரம். பொதுத் திறனில் 200 ஆங்கிலத்துக்கு; 400 இயற்பியல், வேதியியல், பொது அறிவியல், வரலாறு, புவியியல், நடப்புச் செய்திகளுக்கு. தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இது பெரிய மலைபோலத் தெரியும். ஆனால் ஏறக் கூடியதுதான். கணிதம் அவர்களுக்குத் தெரியும், பெயர்கள்தான் தெரியாது. 'அணிக்கோவை', 'தொகையிடல்', 'நிகழ்தகவு' எல்லாம் நன்றாகப் போடும் பையன் ஆங்கிலத்தில் அதையே பார்த்தால் திகைக்கிறான். நான் சொல்லும் வழி இதுதான்: நம் பாடநூல் கழகத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே கணக்குகள். தெரிந்த கணக்கையே ஆங்கிலத்தில் படித்துப் போடுங்கள். சில வாரங்களில் அந்தச் சொற்கள் பழகிவிடும். அதன் பிறகு பழைய கேள்வித்தாள்களுக்குப் போங்கள். யுபிஎஸ்சி இணையதளத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

கட்-ஆஃப் பற்றி ஒரு தவறான பயம் இருக்கிறது. எழுத்துத் தேர்வின் கட்-ஆஃப் சமீப ஆண்டுகளில் 900-க்கு 300-ஐ ஒட்டியும், கடினமான போட்டியில் 360 வரையும் இருந்திருக்கிறது. அதாவது மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணுக்குச் சற்று மேல். எல்லாக் கேள்வியையும் தொட்டுப் பார்ப்பவர் நெகட்டிவில் சரிகிறார். தெரிந்ததைச் சரியாகப் போடுபவர் உள்ளே போகிறார். ஆனால் ஒவ்வொரு தாளிலும் தனித்தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு. பொதுத் திறனில் அள்ளிவிட்டுக் கணிதத்தைக் கைவிட முடியாது.

8. ரிசல்ட் வந்ததும் இரண்டு வாரம்

சின்னப் படிதான். ஆனால் இதைத் தவறவிட்டால் எல்லாம் போச்சு.

எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் ரிசல்ட் வந்த இரண்டு வாரத்துக்குள் தரைப்படையின் ஆட்சேர்ப்பு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். எஸ்எஸ்பி எந்த மையத்தில், எந்தத் தேதியில் என்பதெல்லாம் அதன் வழியாகத்தான் வரும். யுபிஎஸ்சியிலிருந்து கடிதம் வரும் என்று காத்திருக்காதீர்கள். விண்ணப்பத்தில் கொடுத்த அதே மின்னஞ்சலையே இங்கேயும் கொடுங்கள். நெட் சென்டர்க்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டுப் பிறகு அவரைத் தேடி அலைவது இன்றும் நடக்கிறது.

9. எஸ்எஸ்பி: ஐந்து நாள்

மொத்த 1800 மதிப்பெண்ணில் 900 இங்கே. பெங்களூரு, போபால், பிரயாக்ராஜ், ஜலந்தர், மைசூரு, கோயம்புத்தூர் போன்ற இடங்களில் மையங்கள் இருக்கின்றன.

முதல் நாள் சலிப்பு. அறிவுத்திறன் தேர்வுக்குப் பிறகு, மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள். நான்கு நிமிடத்தில் ஒரு கதை எழுத வேண்டும். அப்புறம் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் ஒரு நிமிடத்தில் தன் கதையைச் சொல்லி, எல்லோரும் சேர்ந்து ஒரு பொதுக் கதைக்கு வர வேண்டும். இதில் தேறாதவர்கள் அன்றைக்கே ஊர் திரும்ப வேண்டும். பாதிப் பேருக்கு மேல் இங்கேயே திரும்புவது சகஜம்.

நம் பிள்ளைகள் இந்த இடத்தில் தடுமாறுவதைக் கிட்டத்தில் பார்த்தால் காரணம் புரியும். கதை நன்றாகத்தான் எழுதியிருப்பார்கள். சொல்லும்போது தாளையே நினைவுபடுத்தி ஒப்பிப்பார்கள். நடுவில் ஒரு வார்த்தை மறந்ததும் நின்றுவிடுவார்கள். குழுவில் சந்தைக் கூச்சல் எழும்போது வாயே திறக்க மாட்டார்கள். இதற்கு மருந்து ஒன்றே: தினமும் நாளிதழில் ஒரு புகைப்படத்தைப் பார்த்து, ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் சத்தமாகப் பேசுவது. எதிரில் யாராவது உட்கார வேண்டும். அது அம்மாவாக இருந்தாலும் சரி. எளிய ஆங்கிலம் போதும். இலக்கணப் பிழையைவிட மௌனம்தான் அதிகம் கெடுக்கும்.

இரண்டாம் நாள் உளவியல் தேர்வு. படங்களுக்குக் கதை, 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடியில் ஒரு வாக்கியம், 60 சூழ்நிலைகள், அரைமணி நேரத்தில் பதில், கடைசியாக உங்களைப் பற்றி நீங்களே எழுதுவது. அடுத்த நாட்களில் திறந்தவெளிக் குழுப் பணிகள், தடைகள், சிற்றுரை. இடையில் ஒருநாள் நேர்முகம். ஐந்தாம் நாள் எல்லா அதிகாரிகளும் சேர்ந்து முடிவு சொல்வார்கள்.

மனப்பாடக் கதைகள் இங்கே உதவாது. மூன்று வெவ்வேறு அதிகாரிகள் மூன்று கோணத்தில் பார்த்துக் கடைசியில் ஒப்பிடுகிறார்கள். கோச்சிங்கில் கொடுத்த வீர நாயகன் உளவியல் தாளில் மட்டும் இருந்து மைதானத்தில் காணாமல் போனால் அது உடனே தெரிந்துவிடும். முதல் நாள் நிரப்பும் சுயவிவரப் படிவத்தில் பொழுதுபோக்கு என்று எதை எழுதினாலும் அதைப் பற்றிப் பத்துக் கேள்வி வரும். 'செஸ்' என்று எழுதிய ஒருவனிடம், கடைசியாக யாரோடு ஆடினாய், எந்த நகர்வில் தோற்றாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவனால் பதில் சொல்ல முடியவில்லை. தினமும் மாட்டுக்குத் தீவனம் வைப்பதும் தம்பிக்குக் கணக்குச் சொல்லித் தருவதும் உங்கள் வாழ்க்கை என்றால் அதையே எழுதுங்கள். அதில்தான் உங்களால் நிற்க முடியும்.

முதல்முறை போகிறவர்களுக்கு ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

10. மெடிக்கல் போர்டும் தரவரிசைப் பட்டியலும்

எஸ்எஸ்பியில் பரிந்துரைக்கப்பட்டவர்கள் ராணுவ மருத்துவமனையில் சில நாட்கள் பரிசோதிக்கப்படுவார்கள். மூன்றாம் படியை ஒழுங்காகச் செய்தவர் இங்கே அதிகம் பயப்பட வேண்டியதில்லை. தகுதியில்லை என்று எழுதினாலும் அங்கேயே மனம் உடைந்து ஊர் திரும்பாதீர்கள். மேல்முறையீட்டு மருத்துவக் குழு உண்டு. அதற்கு 42 நாள் கெடு. என்ன காரணம் என்பதைத் தெளிவாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, எங்கே, எப்போது மேல்முறையீடு என்பதையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

பரிந்துரை கிடைத்ததும் ஊரில் பேனர் வைத்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பரிந்துரை, மருத்துவத் தகுதி, இறுதித் தரவரிசையில் இடம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் சேர்க்கைக் கடிதம். எழுத்துத் தேர்வின் 900-ம் எஸ்எஸ்பியின் 900-ம் கூட்டித்தான் தரவரிசை.

அதனால் பொறியியல் கலந்தாய்வையோ கலைக் கல்லூரிச் சேர்க்கையையோ விட்டுவிடாதீர்கள். சேர்ந்து படித்துக்கொண்டே காத்திருங்கள். கல்லூரியில் சேரும்போது மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். கல்லூரிகள் மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே அறிவித்திருக்கிறது. அகாடமியில் சேரப் பத்து நாள் இருக்கும்போது சான்றிதழுக்காகக் கல்லூரி அலுவலக வாசலில் நிற்பது யாருக்கும் வேண்டாம்.

11. கையெழுத்துப் போடும் முன் பெற்றோர் படிக்க வேண்டியது

சேரும்போது பெற்றோர் ஒரு உறுதிப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். சொந்தக் காரணத்துக்காகப் பிள்ளை நடுவில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் முடித்துப் பணியில் சேராமல் விலகினால் பத்திரத் தொகை இன்னும் பெரியது.

என்டிஏவுக்குப் பிறகும் பயிற்சி தொடர்கிறது. தரைப்படைக்கு டேராடூனில் ஓராண்டு, கடற்படைக்கு எழிமலையில் ஓராண்டு, விமானப்படைக்கு ஹைதராபாத் அருகே துண்டிகல்லில் ஒன்றரை ஆண்டு. என்டிஏவின் மூன்று ஆண்டில் சம்பளம் கிடையாது. கைச்செலவுக்கு வீட்டிலிருந்துதான் அனுப்ப வேண்டும். அடுத்த கட்டப் பயிற்சியில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. "சேர்ந்த மாதமே சம்பளம்" என்று யாராவது சொன்னால் நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

இலவசப் பட்டம் ஒன்றுக்காக மட்டும் என்றால் இந்த வழி வேண்டாம் என்றே பெற்றோரிடம் நேராகச் சொல்கிறேன். நினைத்தபோது விலகும் வேலை இது இல்லை. பிள்ளை அதிகாரியாக வாழ விரும்புகிறானா, விரும்புகிறாளா என்று தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள்.

12. உள்ளே போன பிறகும் படிப்பு படிப்புதான்

விடியுமுன் ஓட்டம், அணிவகுப்பு, குதிரையேற்றம், நீச்சல். அதற்குப் பிறகு வகுப்பறை. முதல் இரண்டு செமஸ்டரில் வகுப்பில் கண் சொருகாதவர் அரிது. ஆனால் பாடத்தில் தவறினால் ஒரு செமஸ்டர் பின்தள்ளிவிடுவார்கள். உடல்தகுதித் தேர்வில் தவறினாலும் அப்படியே. கூடப் படித்தவர்கள் முன்னால் போக, ஜூனியர்களோடு நிற்க வேண்டி வரும்.

சேர்வதற்கு முந்தைய மாதங்களில் இரண்டு வேலை செய்யுங்கள். நீச்சல் தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளுங்கள். தேர்வு செய்யப் போகும் பிரிவின் முதலாண்டுக் கணிதத்தையும் இயற்பியலையும் ஆங்கிலத்தில் ஒருமுறை புரட்டுங்கள். களைப்பில் புதிதாகக் கற்பது கடினம். தெரிந்ததைத் திரும்பக் கேட்பது எளிது.

13. சிப்பாயாகச் சேர்ந்தவர்களுக்கும் வழி இருக்கிறது

என்டிஏ வயது தாண்டியவர்களும், குடும்பச் சூழலால் உடனே சம்பளம் தேவைப்படுபவர்களும் அக்னிவீரராக, அதாவது நான்கு ஆண்டுப் பணிக்கான வீரராகச் சேர்கிறார்கள். தரைப்படை அக்னிவீரர் பொது நுழைவுத் தேர்வை இப்போது தமிழிலும் எழுதலாம்.

பத்தாம் வகுப்போடு சேர்ந்தவருக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் பெற ஏற்பாடு இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவருக்கு இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மூன்று ஆண்டுப் பட்டம். இதில் பாதி கிரெடிட் படையில் பெறும் திறன் பயிற்சிக்கே கிடைத்துவிடும். மீதிப் பாதிக்குப் பாடங்கள் படித்துத் தேர்வு எழுத வேண்டும். ஓராண்டோடு நிறுத்தினால் சான்றிதழ், இரண்டாண்டு முடித்தால் டிப்ளமோ, மூன்றாண்டு முடித்தால் பட்டம்.

இங்கே நடக்கும் தவறு தள்ளிப்போடுவது. அடுத்த வருடம் சேரலாம் என்று விட்டால், நான்கு ஆண்டுப் பணிக்குள் மூன்று ஆண்டுப் படிப்பு அடங்காது. அடிப்படைப் பயிற்சி முடிந்து யூனிட்டுக்குப் போன உடனே கல்விப் பிரிவு ஹவில்தாரைப் பார்த்து, பதிவுக்கு என்ன வழி என்று கேளுங்கள்.

சேவையில் இருந்துகொண்டே அதிகாரியாக விரும்புபவர்களுக்கு டேராடூனில் ராணுவக் கேடட் கல்லூரி இருக்கிறது. முப்படைகளிலும் பணியாற்றும் சிப்பாய், கடற்படை, விமானப்படை வீரர்களிலிருந்து தேர்வும் எஸ்எஸ்பியும் வைத்து எடுக்கிறார்கள். மூன்று ஆண்டு படித்து அதே ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம், அதன்பின் ஓராண்டு அதிகாரிப் பயிற்சி. வயது வரம்பும் குறைந்தபட்சப் பணிக்காலமும் உண்டு என்பதால், சேர்ந்த முதல் வருடத்திலேயே ஆங்கிலத்தையும் கணிதத்தையும் கையில் எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பத்தாம் வகுப்பு படித்து 15 ஆண்டு பணி முடித்த முன்னாள் படைவீரருக்குப் பட்டத்துக்கு இணை என்று ஒரு சான்றிதழ் தருகிறார்கள். அது குறிப்பிட்ட அரசுப் பணிகளுக்கு விண்ணப்பிக்கும் தகுதிக்கு மட்டும். அதை வைத்து எம்.ஏ.வோ பி.எட்.டோ சேர முடியாது. ஓய்வுக்குப் பிறகு ஆசிரியராகவோ வழக்கறிஞராகவோ ஆக நினைப்பவர், பணியில் இருக்கும்போதே கமாண்டிங் ஆபிசரின் அனுமதி பெற்று, தொலைதூரக் கல்வியில் ஒரு முறையான பட்டத்தை முடித்துவிட வேண்டும். அனுமதிக் கடிதத்தின் நகலையும், படையில் முடித்த ஒவ்வொரு கோர்ஸின் சான்றிதழையும் ஊருக்கு வரும்போது வீட்டில் ஒரு செட் வைத்துவிட்டுப் போங்கள்; இடமாற்றத்தில் டிரங்குப் பெட்டியோடு தொலைந்தால் மறுபடி வாங்குவது லேசான வேலை இல்லை.